போலோ லாயமா, ரேஸ் லாயமா?

குதிரை பராமரிக்கும் வேலைக்கு வருபவர் முதலில் யோசிக்க வேண்டியது, சவாரியில் ஆசை உண்டா என்பதைத்தான். ரேஸ் லாயத்தில் பயிற்சி ஓட்டத்துக்குப் பெரும்பாலும் தனி ஆள் இருப்பார். உங்களுக்குத் தீனி, தேய்ப்பு, நடை, கொட்டில் சுத்தம். குதிரை மேலிருந்து மட்டையால் பந்தடிக்கும் போலோவிலும் இதெல்லாம் உண்டு. கூடவே ஒரு குதிரை மேல் ஏறிக்கொண்டு, மற்றவற்றைப் பக்கத்தில் கயிற்றில் பிடித்தபடி பயிற்சிக்கு ஓட்டிப் போக வேண்டும்.

ஆட்ட நாளில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரேஸ் சில நிமிடங்களில் முடிந்துவிடும். போலோ ஆட்டம் ‘சக்கர்’ எனப்படும் சுமார் 7 நிமிடப் பகுதிகளாக நடக்கும். ஒவ்வொரு சக்கருக்கும் வீரர் குதிரையை மாற்றுவார். அடுத்த குதிரை சேணத்தோடு ஓரத்தில் தயாராக நிற்க வேண்டும். வியர்த்து வந்த குதிரைக்குச் சேணத்தை வயிற்றோடு கட்டும் வார்ப்பட்டையைத் தளர்த்தி, காலில் அடி பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மூச்சு அடங்கும்வரை நடத்த வேண்டும்.

அதற்கு முன்பே பாதி வேலை நடந்திருக்கும். மட்டையும் கடிவாள வாரும் சிக்காமலிருக்க பிடரி மயிரை ஒட்ட மழித்து, வாலைப் பின்னி மடித்துக் கட்டுவார்கள். பாதுகாப்புக்காகக் குதிரையின் காலில் சுற்றும் துணிக்கட்டு இறுகினால் தசைநாருக்குக் கேடு. தளர்ந்தால் ஆட்டத்தின் நடுவே அவிழ்ந்து காலில் சுற்றும். புதியவர்கள் திணறுவது இங்கேதான்.

சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் போலோ சீசன் வேலை. சீசன் முடிந்ததும் குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டுவிடுவார்கள், அப்புறம் உங்களுக்கு வேலை உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். என்னைக் கேட்டால், சவாரி தெரிந்தவருக்குப் போலோதான். தெரியாதவர் ரேஸ் லாயத்தில் தொடங்கலாம். அங்கே பழகியது பின்னால் போலோவிலும் உதவும், ஓய்வு பெற்ற ரேஸ் குதிரைகள் சில போலோவுக்கும் வருகின்றன.