வெள்ளவத்தை ஸ்கொயர், கொன்ட்ரா நடன வகுப்பு: ஒன்று நன்று, மற்றது திருந்த வேண்டும்

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள மண்டபமொன்றில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஸ்கொயர், கொன்ட்ரா என்ற இரண்டு அமெரிக்க நாட்டார் நடனங்களையும் பழக்குகிறார்கள்.

ஸ்கொயருக்குத் தயங்காமல் போகலாம். நான்கு சோடிகள் சதுரமாக நிற்பார்கள். அசைவுகளின் பெயரைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் அழைப்பாளர் அடுத்து என்ன சொல்வார் என்பது யாருக்கும் தெரியாது. எனவே ஒவ்வோர் அழைப்பும் முன்பே உடம்பில் ஏறியிருக்க வேண்டும். கழகங்களில் பொதுவான ‘மெயின்ஸ்ட்ரீம்’ நிலைக்கே ஏறக்குறைய 70 அழைப்புகள். அமெரிக்கக் கழகங்கள் மாதக்கணக்கில் வகுப்பு வைப்பது இதனால்தான். இங்கே ஒரு பின்னேரத்துக்கு மூன்று நான்கு புதியவை மட்டும், அதற்கு முன் பழையவற்றை மீட்டல். அளவு சரி. ஒருவர் தடுமாறினால் எட்டுப் பேரும் நின்றுவிடுவார்கள். அப்போது எதிரெதிர் வரிசைகளாக நின்று மீண்டும் ஆட்டத்தில் சேரும் முறையையும் பொறுமையாகப் பழக்குகிறார்கள்.

கொன்ட்ராவை அதே கழக வழக்கத்தில் நடத்துவதுதான் பிழை. சோடியாகப் பதியச் சொல்லி, முழுப் பின்னேரமும் அதே சோடியோடு ஆடவிடுகிறார்கள். புதியவர் இருவர் சேர்ந்துவிட்டால் திருத்தி இழுத்துப்போக ஆளில்லை. கொன்ட்ராவுக்குத் தனியாகவே வரலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் துணையை மாற்றுவதே அதன் உயிர். சோடிகள் நீண்ட வரிசைகளாக நிற்பார்கள்; 64 தாள அடி கொண்ட ஒரே சுற்றுத்தான் திரும்பத் திரும்ப வரும். முதலில் இசையில்லாமல் நடந்து பார்ப்பார்கள், பிறகு சில சுற்றுக்கு அழைப்பு, அதன்பின் அழைப்பாளர் மௌனமாகிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் சோடி ஓரிடம் நகர்ந்து புதிய அயலாரை, அதாவது அடுத்த சோடியை, சந்திக்கும். வரிசையின் கோடிக்கு வந்த சோடி ஒரு சுற்று ஒதுங்கி, இடம் வலம் மாறி நிற்க வேண்டும். இதை இங்கு சொல்லிக்கொடுப்பதில்லை. கோடியில் குழப்பம் தொடங்குவது அதனால்தான்.

துணையைப் பிடித்தபடி இருவரும் சேர்ந்து சுழலும் சுழற்சியையும் திருத்த வேண்டும். வலது பாதங்களின் வெளியோரம் அருகருகே இருக்க, இடது பாதத்தால் தள்ள வேண்டும். இங்கே பலர் குதிக்கிறார்கள். தலை சுற்றினால் துணையின் முகத்தைப் பார்க்கலாம். ஒதுக்கிய தாள அடிகளுக்கு மேல் சுழன்றால் அடுத்த அசைவு பிந்திவிடும்.

ஸ்கொயருக்கு ஒலிப்பதிவு போதும், கழகங்களிலும் அதுவே வழக்கம். கொன்ட்ராவில் மெட்டு மாறும் இடமே அடுத்த அசைவுக்குக் குறிப்பு. இந்த மண்டபத்தின் எதிரொலியில் அது கரைந்துபோகிறது. கொழும்பில் வயலின் வாசிப்பவர்களுக்கா பஞ்சம்? ஒரு வயலினும் கீபோர்டும் இருந்தாலே ஆட்டம் நிமிர்ந்துவிடும்.

தரை மாபிள். இறப்பர் அடிச் சப்பாத்து பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகும், வழுவழுப்பான தோல் அடியே நல்லது. மின்விசிறி போதாது, துவாய் கொண்டுபோங்கள். தனியாகப் போவதென்றால் துணை தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.