'கேஸ் செக்கிங்' என்று வந்து கருவி மாட்டிவிட்டுப் போகிறார்கள், கவனம்

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. போன மாதம் அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்த ஆட்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காலை 11 மணி. அப்பா காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பேர் வந்து, "ஏனுங்கம்மா, கேஸ் ஏஜென்சியில இருந்து வர்றமுங்க" என்றிருக்கிறார்கள். அம்மா உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார். டியூபை வளைத்துப் பார்த்தார்களாம். "எப்ப வேணா வெடிச்சிருமுங்க. இனிமே இந்த மீட்டரு கட்டாயமுங்க, இல்லீன்னா அடுத்த சிலிண்டர் வராதுங்க" என்று சொல்லி, சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் முள் வைத்த ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். முள் பச்சையில் நிற்கும்வரை பயமே இல்லை, கசிந்தால் அதுவே நிறுத்திவிடும் என்றிருக்கிறார்கள். 2,400 ரூபாய். பால் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார் அம்மா.

கிளம்பும்போது சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'அவசர உதவிக்கு' என்று போட்டு ஒரு செல்போன் எண். ஏற்கெனவே 1906 என்று கேஸ் கசிவுக்கான உதவி எண் போட்டு ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுப்படியில் லேசாக வாடை. இரண்டு நாளாக வந்திருக்கிறது. "மூக்குக்குத் தெரிஞ்சுது கண்ணு, ஆனா முள்ளு பச்சையிலதான நின்னுச்சு" என்கிறார் அம்மா. அந்த முள் காட்டுவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைத்தான். உள்ளே திரவமாகக் கேஸ் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது. பக்கத்திலேயே கசிந்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும். சமையல் கேஸுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தையே கலந்து அனுப்புகிறார்கள். அம்மாவின் மூக்கு சரியாகத்தான் சொன்னது, அந்தக் கருவி அதை நம்பவிடவில்லை.

சாயங்காலம் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து கிடக்கும். தீ கீழே ஓடிப்போய் சிலிண்டர் கழுத்தில் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு இடது முன்கையில் சுட்டுவிட்டது. அப்பா கட்டுத்தறியில் இருந்து ஓடிவந்து ரெகுலேட்டரைத் திருகி நிறுத்தியும் தீ நிற்கவில்லை. கசிவு ரெகுலேட்டருக்குக் கீழே, அந்தக் கருவியில் அல்லவா இருந்தது! மாட்டுத் தொட்டியில் சணல் சாக்கை முக்கி எடுத்துக் கழுத்தோடு சேர்த்துப் போர்த்தி அமுக்கியிருக்கிறார். தீ அணைந்தது. ஆனால் கேஸ் வந்துகொண்டேதான் இருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் இரண்டு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வாசலில் நின்று அம்மா போன் போட்டது அந்த ஸ்டிக்கரில் பார்த்து வைத்திருந்த எண்ணுக்கு. சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டார், அதே. மூன்று தடவை. அதற்குள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்து 101-க்குப் போட்டான். கேஸ் கசிவுக்கென்றே எண்ணெய் நிறுவனங்களின் 1906 இருக்கிறது, நாள் முழுக்க எடுப்பார்கள். தீ என்றால் 101 அல்லது 112. சுவரில் இருக்க வேண்டியவை இவைதான்.

தோட்டத்துச் சாளைக்குக் கதவு எண் ஏது? அந்தத் தம்பி ஊர்ப் பெயர், பஸ் நிறுத்தம், பால் சொசைட்டிக்கு எதிரே இறங்கும் மண் ரோடு என்று வரிசையாகச் சொன்னான். சிலிண்டர் தீ என்பதையும், அம்மாவுக்கு அடிபட்டதையும் சொல்லி, அவர்கள் வைக்கும்வரை போனை வைக்கவில்லை. அப்புறம் பைக்கை எடுத்துப்போய் மெயின் ரோட்டில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். வண்டி எங்கேயும் தடுமாறாமல் நேராக வந்து சேர்ந்தது. அவனுக்கு நாங்கள் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

வந்தவர்கள் கருவியைக் கழற்றி, சிலிண்டரின் வெள்ளை மூடியைப் போட்டு வெளியே தூக்கி வைத்தார்கள். கருவியின் உள்ளே ரப்பர் வாஷர் இரண்டாகப் பிளந்திருந்தது. எங்கே தேடியும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. கையில் பேஸ்ட் தடவ ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காவைத் தடுத்து, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டச் சொன்னார்கள். புண் இப்போது ஆறிவருகிறது.

மறுநாள் நான் ஏஜென்சிக்குப் போய்க் கேட்டேன். அவர்கள் யாரையும் அனுப்பவில்லை. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் எதையும் மாட்டக் கூடாது, அப்படி எந்தக் கருவிக்கும் அனுமதியே கிடையாது என்றார்கள். அம்மாவிடம் கொடுத்த பில்லில் முகவரியும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் 11 வீட்டில் மாட்டியிருக்கிறார்கள், எல்லாமே பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம்.

யாராவது 'செக்கிங்' என்று வந்தால் வாசலிலேயே நிறுத்திவிட்டு, கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அவர்கள் நீட்டும் கார்டில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. டியூப் பழசு என்று பயமுறுத்தினால் அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும், நீங்களே பாருங்கள். 5 வருடம் ஆகியிருந்தால் ஏஜென்சியிலேயே ஐ.எஸ்.ஐ. டியூப் வாங்கி மாட்டச் சொல்லலாம். முள் வைத்த கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

வந்தது வெள்ளை ஆம்னி வண்டி. ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், நம் ஊர்ப் பேச்சு, மரியாதையாகப் பேசுவார். அடுத்து சென்னிமலை, ஊத்துக்குளிப் பக்கம் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ பகலில் தனியாக இருந்தால், இப்போதே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.