டோக்கியோ டிஸ்னிசீ: டிஸ்னி படமே பார்க்காத அத்தையோடு ஒரு சுற்று

வேறெங்கோ பிறந்த கதையை எடுத்துத் தீம் பார்க்கில் ரைடு கட்டலாமா கூடாதா என்று, பார்க் பைத்தியங்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு. படம் பார்க்கத்தான் தியேட்டர் இருக்கிறதே, பார்க்குக்கென்று புதிதாக யோசிக்க வேண்டியதுதானே என்பது ஒரு கட்சி. தெரிந்த முகம் இருந்தால்தான் பிள்ளைகள் வரும், கல்லா நிறையும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களையும் ஜப்பானில் உள்ள டோக்கியோ டிஸ்னிசீ பார்க்குக்குள் ஒருநாள் விட்டுவிட வேண்டும். பழைய புத்தகக் கதை, பார்க்கே இட்டுக்கட்டிய கதை, சினிமாக் கதை என்று மூன்றும் அங்கே ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

நாங்கள் இருப்பது டோக்கியோவின் நிஷி கசாயில். தமிழ் வீடுகள் நிறைய உள்ள பேட்டை. பக்கத்துக் கசாய் ஸ்டேஷனில் பஸ் ஏறினால் நேரே டிஸ்னி வாசலில் இறக்கிவிடுவான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவது எங்கள் பேட்டையில் எழுதாத சட்டம். இந்த முறை வந்தது என் அத்தை, அம்பாசமுத்திரத்திலிருந்து. அவருக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. டிஸ்னி படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. என் மகளோ ஃப்ரோஸன் படத்து எல்சா பாட்டையெல்லாம் ஜப்பானிய மொழியிலேயே மனப்பாடமாகப் பாடுவாள். ஒரு ரைடு தன் காலில் நிற்கிறதா, படத்தின் தோளில் சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்க இவர்களைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குக் கிடைக்காது.

முதலில் சிந்துபாத். அரேபியன் கோஸ்ட் என்ற பகுதியில் இருக்கிறது. பெரும்பாலும் வரிசையே இருக்காது. நடந்து போய்ப் படகில் உட்கார வேண்டியதுதான். 2001-இல் பார்க் திறந்தபோது இதே இடத்தில் கொஞ்சம் பயமுறுத்தும் சிந்துபாத் இருந்தானாம். 2007-இல் அதை மாற்றி, சந்து என்ற புலிக்குட்டியைத் துணைக்குச் சேர்த்து, டிஸ்னி படங்களுக்கு இசையமைத்த ஆலன் மென்கனை வைத்து இதற்கென்றே ஒரு பாட்டும் போட்டார்கள். ஆயிரத்தோரு இரவுகள் ஊர்ப்பொதுக் கதை. ஆனால் அந்தப் புலிக்குட்டி இந்தப் பார்க்கிலேயே பிறந்தது. எந்தப் படத்திலும் வந்ததில்லை. படகு போகப் போக இரண்டு பக்கமும் பொம்மைகள். திருடர்கள் சிறைவைத்த ராட்சதனைச் சிந்துபாத் விடுவிப்பான். ராட்சதன் நன்றியோடு பாட, அவன் புருவமும் உதடும் பாட்டோடு அசைவதைப் படகிலிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அத்தை என் கையைத் தட்டி, "நல்ல அரக்கன் போலயே! கட்டிப்போட்டவனுங்கதான் களவாணிப் பயலுக" என்றார். எனக்கு ஒரு வரி விளக்கும் வேலை இருக்கவில்லை. இறங்கியதும், "இன்னொரு வாட்டி விடுவானா?" என்று கேட்டார். விடுவான். போனோம்.

அடுத்தது நடுவில் நிற்கும் எரிமலை, மவுண்ட் புரோமிதியஸ். உள்ளே பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1864-இல் எழுதிய பூமியின் மையத்துக்குப் போகும் கதை. 117 சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். மகள் இந்த வருடம்தான் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறாள், அதனால் நானும் அவளும் மட்டும். லிஃப்டில் இறங்கி, வண்டியில் ஏறி, படிகக் குகை, ஒளிரும் காளான் காடு என்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கும்போது தரை அதிரும். வழி மாறும். எரிமலைக்குழம்பில் வாழும் ஒரு பூதம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அடுத்த நொடி வண்டி பிய்த்துக்கொண்டு மலையின் வயிற்றைக் கிழித்து வெளியே பாயும். அந்தப் பூதம் வெர்னின் புத்தகத்தில் கிடையாது. வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் புத்தகத்தைத் தொட்டிருக்கவும் மாட்டார்கள். கேட்டால் இதுதான் பார்க்கிலேயே சிறந்த ரைடு என்பார்கள். கதை இரவல்தான். ஆனால் வெர்னிடமிருந்து இவர்கள் வாங்கியது பாத்திரங்களையும் வசனத்தையும் அல்ல, பாதாளத்தை. பாதாளத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை இவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

லிஃப்டில் ஏற்றித் தடாலென்று கீழே விழ வைக்கும் டவர் ஆஃப் டெரர் இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் அது ஒரு பழைய டிவி தொடரின் பெயரில் பிறந்த ரைடு. 2006-இல் இங்கே கட்டும்போது அந்தத் தொடரைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கச் சொந்தக் கதை எழுதினார்கள். ஹாரிசன் ஹைடவர் என்ற கோடீஸ்வரன், ஊர் ஊராகப் போய்ப் பிறர் சாமி சிலைகளை அள்ளிக்கொண்டு வருபவன், 1899 டிசம்பர் 31 இரவு தன் ஹோட்டல் லிஃப்டில் காணாமல் போகிறான். ரைடுக்கு முன் அவன் அறையில் நிறுத்துவார்கள். கிராமபோனில் அவன் குரல், மேலே வண்ணக் கண்ணாடியில் அவன் உருவம், ஓரத்தில் மேடைமேல் அவன் திருடிவந்த சின்னச் சிலை. விளக்கு மங்கும், சிலையின் கண் பச்சையாக ஒளிரும், சிரிக்கும், அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரப் பொட்டுகளாகக் கரைந்து போய்விடும். எப்படிச் செய்கிறார்கள் என்று என் கணவர் இன்றுவரை ஆராய்ச்சி செய்கிறார். (என்ஜினியர். சும்மா ரசிக்கத் தெரியாது.) கோயில் சிலைகள் கடல் தாண்டிப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சிலை திருடியவனைச் சிலையே பார்த்துக்கொள்ளும் கதையில் கூடுதல் திருப்தி. கலிஃபோர்னியாவில் இருந்த டவரை 2017-இல் ஒரு சூப்பர்ஹீரோ படத்துக்குத் தாரைவார்த்துவிட்டார்கள்.

சரி, புதுப் பகுதிக்கு வருவோம். ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ், 2024 ஜூன் 6-இல் திறந்தது, செலவு சுமார் 320 பில்லியன் யென். ஃப்ரோஸன், ரபன்ஸல், பீட்டர் பேன் என்று மூன்று படம், மூன்று உலகம். கண்ணுக்குக் குறையே சொல்ல முடியாது. பாறையையும் அருவியையும் இந்த அளவுக்கு நம்பும்படி செதுக்க வேறு யாராலும் முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் ஃப்ரோஸன் படகில் உட்கார்ந்தால், படத்தில் பார்த்ததைத்தான் படத்தின் வரிசையிலேயே திரும்பப் பார்ப்போம். அக்கா தங்கை சின்ன வயது, கதவு சாத்துவது, மலைமேல் ஐஸ் மாளிகை, கடைசியில் கூடுவது. பொம்மைகளின் முக அசைவு அபாரம். என் மகள் ஒவ்வொரு பாட்டுக்கும் வாயசைத்து, கண்ணெல்லாம் தண்ணீர் கோத்துக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். அத்தையோ, "யாரும்மா இவ? எதுக்கு இவ மட்டும் தனியா மலைமேல போறா? வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டார். நான் காதுக்குள் கதை சொல்லி முடிப்பதற்குள் படகு கரைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் மாதிரிதான்: படம் பார்த்தவருக்குப் பாட்டு இனிக்கும், பார்க்காதவருக்கு யாரோ எதற்கோ பாடுகிறார்கள். மகளின் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவள் மகிழ்ந்ததும் நிஜம்தான். அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

அதே பகுதியில் பீட்டர் பேன் ரைடு வேறு மாதிரி. அதுவும் இரவல்தான், 1904-இல் மேடையேறிய நாடகம். ஆனால் இங்கே நடந்த கதையைத் திரும்ப ஓட்டவில்லை. கேப்டன் ஹுக் பிடித்து வைத்திருக்கும் ஜானை மீட்கக் கிளம்பும் கூட்டத்தில் நம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். 3டி கண்ணாடி, ஆடும் படகு, அப்புறம் பறப்பது. யாரோ ஒரு சிறுவனைக் கடத்திவிட்டார்கள், நாம் மீட்கப் போகிறோம் என்பது புரிய எந்தப் படமும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

பொம்மை விற்க வேண்டுமென்றால் படம் வேண்டும் என்பார்கள். டிஸ்னிசீயில் அந்த வாதம் நிற்காது. டஃபி என்ற கரடி எந்தப் படத்திலும் நடித்துப் பேர் வாங்கியதில்லை. மிக்கி கப்பலில் போகும்போது தனிமை தெரியாமலிருக்க மின்னி தைத்துக் கொடுத்த பொம்மை என்று ஒரு பத்திக் கதை, அவ்வளவுதான். அதை வைத்தே ஒரு நண்பர் கூட்டத்தை உருவாக்கிவிட்டார்கள். பார்க் முழுக்கப் பெரியவர்களே கரடியும் முயலும் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிகிறார்கள்.

சொந்தக் கதையைச் சினிமாக் கதையாக மாற்றிச் சறுக்கிய இடம் என்று நான் நினைப்பது போர்ட் டிஸ்கவரி என்ற பகுதி. அங்கே புயலை அடக்கக் கிளம்பும் ஸ்டார்ம்ரைடர் என்ற சொந்தக் கதை ரைடு 2016 வரை இருந்தது. அடுத்த வருடம் அதே கட்டடத்தில் சினிமா மீன் நீமோ குடியேறியது. ரைடு பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, சிரிக்கிறார்கள். ஆனால் அந்தத் துறைமுகமே வானிலை ஆராய்ச்சி நிலையமாக வரையப்பட்டது. புயல் போனபின் சுற்றியுள்ள இரும்பும் பித்தளையும் எதற்கு நிற்கின்றன என்று கேட்டால் பதில் இல்லை.

யாரும் சொல்லாத ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வாசல் கடந்ததும் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கோட்டை. பெயர் ஃபோர்ட்ரெஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ். உள்ளே ஒரு அறையில் சூரியனும் கோள்களும் தலைக்குமேல் தொங்கும். கீழே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் கோள் நகரும். இன்னொரு அறையில் பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசல். படமும் இல்லை, பாட்டும் இல்லை. அத்தை கைப்பிடியைச் சுற்றி ஒவ்வொரு கோளாக நகர்த்தி, "இதுல சனி எது? ஏழரை முடிஞ்சதான்னு பாக்கணும்" என்றார்.

கடைசியாகக் காசு விஷயம். பெரியவர் டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை. பார்க்குக்குப் பக்கத்து ரயில் நிலையமான மைஹாமாவிலிருந்து மோனோரயிலுக்குத் தனி டிக்கெட். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் வாசலுக்கு வெளியே உள்ள பிக்னிக் இடத்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே காஸ்பா ஃபுட் கோர்ட்டில் 'நான்' ரொட்டியும் குழம்பும் கிடைக்கும், காரம் எதிர்பார்க்காதீர்கள். வரிசையைத் தாண்டிப் போக ஆளுக்கு ஏறத்தாழ 2,000 யென் கொடுத்து பிரீமியர் ஆக்சஸ் வாங்குவதென்றால், எல்சா பைத்தியம் வீட்டில் இருந்தால் ஃப்ரோஸனுக்கு வாங்குங்கள், இல்லையென்றால் பீட்டர் பேனுக்கு. சிந்துபாத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம், மத்தியானம் கால் வலிக்கும்போது போய் உட்காருங்கள்.