தரிப்பா, மரவிப்பா? இரண்டு கைக்கு இரண்டு வைத்தியம்

என் வலது உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு ரேகைக்குச் சற்று மேலே, நெருக்கி ஓட்டுத் தையல் போட்டது மாதிரி ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. இடது கையில் அது இல்லை. இரண்டு கைக்கும் வந்தது ஒரே நோய்தான், மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். வலது கைக்கு ஆபரேஷன், இடது கைக்கு ராத்திரியில் கட்டும் பட்டை. இப்போது எங்கள் ஊரில் யாருக்குக் கை மரத்தாலும் என் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். "ஊசியா, பட்டையா, கீறலா, எது நல்லது?" என்பதுதான் கேள்வி. நான் டாக்டர் இல்லை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் 20 வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். பட்டதையும், பட்டபிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது ராத்திரியில். இரண்டு மணி வாக்கில் வலது கை எறும்பு கடிப்பதுபோல விறுவிறுத்து எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் ஐந்து நிமிடத்தில் சரியாகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், அப்புறம் மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. இந்தச் சுண்டுவிரல் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியாது. முதலில் போன ஆஸ்பத்திரியில் கழுத்துத் தேய்மானம் என்று சொல்லி, கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, காலரும் மாட்டி அனுப்பினார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குக் கழுத்து எக்ஸ்ரேயில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். காலரைப் போட்டுக்கொண்டு குனிந்து கட்டிங் செய்ய முடியாமல் மூன்று வாரம் திண்டாடியதுதான் மிச்சம்.

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் கேட்டார்: "தரிப்பாணோ, மரவிப்பாணோ?" எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் வரும் என்றாலும், அந்தக் கேள்வி எனக்கு உடனே விளங்கவில்லை. தரிப்பு என்றால் வந்து வந்து போகும் விறுவிறுப்பு. மரவிப்பு என்றால் உணர்ச்சியே அற்றுக் கட்டைபோல ஆவது. நான் இரண்டையும் "மரத்துப் போகுது" என்று ஒரே வார்த்தையில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அந்த இரண்டு மலையாள வார்த்தைகளும் பாதி பதிலைச் சொல்லிவிடுகின்றன. எந்த வைத்தியம் என்பதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிறது.

உள்ளே நடப்பதைத் தையல்காரி பாஷையில் சொன்னால் சுலபம். பாவாடையில் நாடா நுழைக்க மடித்துத் தைப்போமே, அதுபோல மணிக்கட்டில் ஒரு குழல். அடியில் சின்னச் சின்ன எலும்புகள், மேலே இழுத்துக் கட்டிய பட்டையான தசைநார். விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும், மீடியன் என்ற ஒரு நரம்பும் அந்த ஒரே குழல் வழியாகப் போகவேண்டும். நாண்களைச் சுற்றிய சவ்வு தடித்தாலோ, உடம்பில் நீர் கோத்தாலோ, இடம் போதாது. முதலில் நசுங்குவது மென்மையான நரம்புதான். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிப் படுப்பதால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியில் போகிறது, அதனால் அது தப்பிக்கிறது.

சரி, வைத்தியங்களுக்கு வருவோம்.

எங்கள் மாவட்டத்தில் கை வலி என்றால் முதலில் ஆசானிடம்தான் போவோம். வர்மத்துக்கும் எலும்புக் கட்டுக்கும் பேர்போன மண் இது. நானும் போனேன். தைலம் தேய்த்துக் கிழி ஒத்தடம் கொடுத்தார். தேய்க்கும்போதும் தேய்த்த அன்றைக்கும் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முழங்கைக்குக் கீழே இறுகிக் கிடந்த தசையெல்லாம் இளகியது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பது நிற்கவில்லை. மேலே தேய்க்கும் எண்ணெய் குழலுக்குள் இடத்தை உண்டாக்காது. ஆசான் மேல் எனக்குக் குறை இல்லை. "இது நரம்பு சங்கதி, ஆஸ்பத்திரியிலும் ஒருதரம் காட்டிக்கோ பிள்ளே" என்று மூன்றாவது தடவை அவரேதான் சொன்னார். ஓணத்துக்குத் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது, அது முடியட்டும் என்று எட்டு மாதத்தை ஓட்டியது நான்.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் கேட்டால் வலி மாத்திரையும் பி6 வைட்டமினும் தருவார்கள். இரண்டுமே மருந்தில்லாத போலி மாத்திரையைவிட உதவுவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் தின்றால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பட்டைக்கும் ஊசிக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. என் இடது கைக்குப் பட்டை. என் மைனிக்கு (மதினிக்கு) ஊசி. மைனி 25 வருடமாக அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைப்பவர், சர்க்கரையும் உண்டு.

பட்டை சில நூறு ரூபாய்தான். மணிக்கட்டை நேராக நிறுத்துவதே அதன் வேலை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் விற்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு கையை மேல்நோக்கி வளைத்தபடி இருக்கும். அப்படியே கட்டினால் குழலில் அழுத்தம் குறையாது. தகட்டை வெளியே உருவி, கிட்டத்தட்ட நேராக்கி, திரும்பச் செருகவேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. விரல்கள் தாராளமாக மடங்கவேண்டும். ராத்திரியில் மட்டும் போதும், ஆனால் குறைந்தது ஆறு வாரம் ஒரு நாள்கூட விடாமல். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் முதல் வாரமே பட்டை நாறும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டேன். மழைக்காலத்தில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும். இடது கையில் எனக்கு இருந்தது தரிப்பு மட்டும். மூன்றாவது வாரத்திலேயே தூக்கம் திரும்பியது.

ஊசி வேறு ரகம். மணிக்கட்டில் ஸ்டீராய்டைச் சின்ன அளவில் செலுத்துகிறார்கள். மைனிக்கு நான்காவது நாளே நிம்மதி. "பிள்ளே, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் விடியிற வரைக்கும் உறங்கினேன்" என்று போன் செய்தார். ஆனால் ஊசி போட்ட முதல் சில நாள் சர்க்கரை எகிறியது. சர்க்கரை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது. நாலு மாதம் கழித்துத் தரிப்பு மெல்லத் திரும்பி வந்தது.

மைனியின் கதை தனிக் கதை இல்லை. இங்கிலாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஒரு ஆய்வு ஊசியையும் ராத்திரிப் பட்டையையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது. ஆறு வாரத்தில் ஊசி முன்னால் நின்றது. ஆறு மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்வீடனில் 2013-இல் வந்த இன்னொன்றில், பட்டையால் சரியாகாத 111 பேருக்கு ஊசியோ போலி ஊசியோ போட்டார்கள். 80 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களிலேயே 73 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள். போலி ஊசிக்காரர்களில் அது 92 சதவீதம். ஆக ஊசி வீண் இல்லை, வாங்கித் தருவது அவகாசம்தான். கல்யாணம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, ஒரு சீசனைத் தாண்டவேண்டும் என்பவருக்கு அந்த அவகாசத்துக்கு விலை உண்டு. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. தூக்கம் நன்றாக வரும், உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டே இருக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் போட்டியே வேண்டாம். கடைசி மாதங்களில் நீர் கோத்து வரும் தரிப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும். அதுவரை பட்டை போதும்.

இனி வலது கை. அந்த எட்டு மாதத்தின் கடைசியில் தரிப்பு குறைந்தது. குணமாகிறது என்று சந்தோஷப்பட்டேன், அதுதான் என் மடத்தனம். குறைந்த இடத்தில் மரவிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. கொக்கி வைக்கும்போது ஊசி விரலிடுக்கில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பாறசாலையிலிருந்து வரும் ஒரு சேச்சியின் ரவிக்கையில் என் ரத்தம் பட்டிருந்தது. விரலில் குத்தியதே எனக்குத் தெரியவில்லை. பெருவிரலின் அடியில் இருக்கும் சதை மேடு வலது கையில் தட்டையாகியிருந்தது. கத்தரிக்கோல் பிடி தளர்ந்தது. நரம்பில் லேசாக மின்சாரம் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில், மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் சமிக்ஞை பிந்தியும் மெலிந்தும் போவது தெரிந்தது. இந்த நிலைக்கு வந்தபின் பட்டை, ஊசி என்று பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை என்றார் டாக்டர். எனக்கும் வேறு யோசனை வரவில்லை.

ஆபரேஷனிலும் இரண்டு வழி. உள்ளங்கையில் சிறிதாகக் கீறி, அந்தத் தசைநாரை நேரே பார்த்து வெட்டுவது ஒன்று. சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு வெட்டுவது இன்னொன்று. கேமரா முறையில் வேலைக்குத் திரும்புவது ஏறக்குறைய ஒரு வாரம் முந்தும். நெடுநாள் பலன் இரண்டிலும் ஒன்றுதான். நரம்புக்குத் தற்காலிகத் தொந்தரவு வருவது கேமரா முறையில் கொஞ்சம் அதிகம், செலவும் கூடுதல். நான் கீறலைத் தேர்ந்தேன். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, பேசிக்கொண்டே கால் மணி நேரத்தில் முடித்தார்கள். அன்றைக்கே வீடு.

ஆஸ்பத்திரி எங்கே என்பதிலும் ஒரு ஒப்பீடு உண்டு. திருவனந்தபுரம் எங்களுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நோயைக் கண்டுபிடித்தது அங்கேதான். ஆபரேஷனை மட்டும் நாகர்கோவில் பக்கம் வைத்துக்கொண்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டு மாற்ற, தையல் பிரிக்க, ஒற்றைக் கையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் போகவேண்டும். தங்கை வீடு அங்கே இருக்கிறது. பணம் முடையென்றால் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆபரேஷனைப் பற்றி யாரும் முன்னால் சொல்லாதது, அதன் பிறகு வரும் வலி. ராத்திரி விறுவிறுப்பு அன்றைக்கே நின்றுவிட்டது, உண்மை. தையல் பிரித்தது 12-ஆம் நாள். ஆனால் உள்ளங்கையின் அடியில் இரண்டு ஓரமும், ஊன்றினால் உயிர் போகும். தோசைக்கல்லைத் தூக்க முடியாது, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ள முடியாது. மூன்று மாதம் அப்படி. பிடிமானம் திரும்புவதும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். விரல் நுனி உணர்ச்சி ஒரு வருடத்தில் முக்கால்வாசி வந்தது. தட்டையான சதை மேடு நிமிரவில்லை. அது இனி வராது என்றே வைத்துக்கொண்டேன்.

அப்படியானால் பட்டையெல்லாம் எதற்கு, எல்லோரும் நேரே ஆபரேஷனுக்கே போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அந்தப் பக்கமும் நியாயம் இருக்கிறது. நெதர்லாந்தில் 176 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதம் கழித்து ஆபரேஷன் பிரிவில் 90 சதவீதம் பேரும் பட்டைப் பிரிவில் 75 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். அந்தப் பட்டைப் பிரிவிலும் 41 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதே நாட்டில் 2025-இல் வந்த பெரிய ஆய்விலும் ஊசியில் தொடங்கியவர்களைவிட ஆபரேஷனில் தொடங்கியவர்களில் கூடுதல் பேர் குணமானார்கள். எண்களை மட்டும் பார்த்தால் கத்தி ஜெயிக்கிறது. ஆனால் பட்டையோடு நின்றவர்களில் கணிசமான பேர் கீறல் இல்லாமலே தப்பித்திருக்கிறார்கள் என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. மூன்று மாதம் தோசைக்கல் தூக்க முடியாத வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் தரிப்போடு வருபவரிடம் ஆறு வாரம் பட்டை கட்டிப் பார்க்கச் சொல்கிறேன். விரல் பகலெல்லாம் மரவிப்பாக இருக்கிறது, பட்டன் போட முடியவில்லை, சதை மேடு தட்டையாகிறது என்பவரை உட்காரவே விடுவதில்லை, டாக்டரிடம் துரத்துகிறேன்.

எந்த வழியானாலும் தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். எனக்குத் தைராய்டு குறைவு என்பது இந்தக் கையால்தான் தெரிந்தது. யோகாவைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1998-இல் 42 பேரை வைத்து எட்டு வாரம் நடத்திய ஒரு சின்ன ஆய்வில் வலியும் பிடிமானமும் மேம்பட்டன. செய்வதில் கெடுதல் இல்லை, உள்ளங்கையை அழுத்தி ஊன்றும் ஆசனங்களை மட்டும் நான் விட்டுவிட்டேன். கடையில் பெரிய இரும்புக் கத்தரிக்கோலை மாற்றி, லேசாக அழுத்தினால் தானே விரியும் ஸ்பிரிங் வைத்ததை வாங்கினேன். கனத்த துணியைக் கட்டிங் செய்வது இப்போது என் உதவிப் பெண்.

போன மாதம் இடது கையில், பட்டப்பகலில், காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவிரல் நுனி கொஞ்ச நேரம் கட்டைபோல இருந்தது. நரம்புப் பரிசோதனைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி வாங்கியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் துணி மேசை நிறையக் கிடக்கிறது. கிடக்கட்டும்.