ஒழுகும் ஸ்டீயரிங் பாக்ஸ்: சீல் மாற்றவா, பெட்டியையே மாற்றவா?

காலையில் வண்டியை நகர்த்திவிட்டுப் பார்த்தால், ஓட்டுநர் பக்க முன் சக்கரத்தை ஒட்டித் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். பழைய டிரக் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. வாரம் ஒருமுறை பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றியே இரண்டு வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. நானும் ஓட்டியிருக்கிறேன். எப்படியும் ஒரு நாள் கேள்வி வந்துவிடும்: ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் இந்தப் பெட்டிக்குப் புது சீல் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போதுமா, பெட்டியே வேண்டுமா? எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்த்துத்தான் பெரும்பாலானோர் முடிவெடுக்கிறார்கள். என் அனுபவத்தில் பார்க்க வேண்டியது சொட்டை அல்ல, ட்ராப் ஆர்ம் (சக்கரங்களைத் திருப்பும் கை) மாட்டியிருக்கும் செக்டார் ஷாஃப்டை, அதாவது பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டை.

அதற்கு முன், ஒழுகுவது பெட்டிதானா? பம்ப் மேலே இருக்கிறது, பெட்டி கீழே. பிரஷர் ஹோஸின் மூட்டிலோ ரிட்டர்ன் ஹோஸின் கிளாம்பிலோ கசிந்தாலும் எண்ணெய் வழிந்து பெட்டியின் அடியில்தான் சொட்டும். எல்லாவற்றையும் டீசல் தொட்டுக் கழுவித் துடைத்து, அடியில் அட்டை விரித்து, எஞ்சினை ஐடிலில் விட்டு ஒருவரை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லுங்கள். டார்ச்சோடு பார்த்தால் ஈரம் எங்கே முதலில் வருகிறதென்று தெரிந்துவிடும். மேல் மூடியின் நடுவில் இருக்கும் அட்ஜஸ்டர் ஸ்க்ரூவின் லாக் நட் வழியாகக் கசிவதும் உண்டு. அதற்காகப் பெட்டியை மாற்றுவது மூக்கில் ஈ உட்கார்ந்ததற்கு மூக்கை வெட்டுகிற கதை.

கசிவு செக்டார் ஷாஃப்டிலிருந்துதான் என்றால் அடுத்த சோதனை. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, ஷாஃப்ட் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஷாஃப்ட் சுழல மட்டும் வேண்டும். பக்கவாட்டில் அசைந்தால் உள்ளே பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அப்படி அசையும் ஷாஃப்டில் எந்தக் கம்பெனி சீலைப் போட்டாலும் அதன் உதடு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறந்துகொள்ளும்.

அசைவு இல்லையா? பெட்டியை இறக்காமலே சீல் மாற்றும் வழி திறந்திருக்கிறது. பழைய அமெரிக்க டிரக்குகளில் பரவலாக இருக்கும் சாகினா 800 வகைப் பெட்டிகளில் இது அரை நாள் வேலை. ட்ராப் ஆர்ம் எந்த நிலையில் இருந்தது என்று ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு, நட்டைக் கழற்றி, சரியான புல்லர் போட்டு இழுக்க வேண்டும். வராத ஆர்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த அடி நேராக உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் எஃகு உருண்டைகளுக்கும் போகிறது. அவற்றின் தடத்தில் குழி விழும். பிறகு சர்க்ளிப்பை (பிடித்து நிறுத்தும் வளையக் கிளிப்) எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் சீலும் வாஷரும் அடுக்காக இருக்கும். இவற்றை நெம்பி எடுக்கத் தேவையில்லை. கீழே தட்டு வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நொடி இடது லாக் (ஒடிக்க முடிகிற எல்லை) வரை ஒடித்தால் ஆயில் பிரஷரே சீலை வெளியே தள்ளிவிடும். சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும் பிரஷர் அது, ஆகவே முகத்தை அடியில் வைக்காதீர்கள். பின்னாலேயே எண்ணெயும் கொட்டும், உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான நிமிடம். ஷாஃப்டைத் துணியால் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. எங்காவது தட்டினால் அது துருக்குழி. வெளிப்புறத் தூசி சீல் கிழிந்து தண்ணீரும் மண்ணும் ஏறி அரித்திருக்கும். இந்தப் பாடத்தை நான் சொந்தக் காசில் படித்தேன். முதல் தடவை நகம் வைத்துப் பார்க்காமல் புது சீலை ஏற்றினேன், ஆறே வாரத்தில் திரும்பவும் சொட்டு. இரண்டாவது சீலையும் கழற்றிய பிறகுதான் அரிசிமணி அளவில் ஒரு குழி கண்ணில் பட்டது. சீல் ஏற்றும்போது ஸ்ப்லைனின் (ஷாஃப்ட் நுனியிலுள்ள பற்களின்) மேல் டேப் சுற்றி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அந்தப் பற்கள் புது உதட்டைக் கத்திபோல் கிழித்துவிடும்.

குழியோ அசைவோ இருந்தால் பெட்டி இறங்கியாக வேண்டும். பெஞ்சில் வைத்து முழுதாகப் பிரித்து எல்லா சீலும் ஓ-ரிங்கும், கூடவே பேரிங்கும் தேவைப்பட்டால் ஷாஃப்டும் மாற்றுவது ஒரு வழி. கை சுத்தமும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். ஆனால் வார்மும் (திருகுத் தண்டு) அதன்மேல் உருண்டைகளில் ஓடும் பால் நட்டும் பிரியும்போது 20-க்கு மேற்பட்ட எஃகு உருண்டைகள் மேசையில் உருளும். சாகினாவில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என மாற்றி மாற்றி அடுக்க வேண்டும், ஏனென்றால் கறுப்பு உருண்டை நூலிழை அளவு சிறியது. ஒன்று தொலைந்தாலோ வரிசை மாறினாலோ பிரச்சினைதான். திருப்ப எவ்வளவு முறுக்கு விசை பிடிக்கிறது என்று இன்ச்-பவுண்டில் அளக்கும் டார்க் கருவி இல்லாதவர் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

பழையதைக் கொடுத்து ரீபில்ட் செய்த பெட்டியை வாங்குவது அதனால்தான் பலருக்குப் பிடிக்கிறது. காலையில் கழற்றி மாலையில் ஓட்டலாம். என் தயக்கம் ஒன்றுதான்: 'ரீபில்ட்' என்ற ஒரே சொல்லுக்குள், புது ஷாஃப்ட் போட்டதும் இருக்கிறது, சீலை மாற்றிப் பெயின்ட் அடித்ததும் இருக்கிறது. ஷாஃப்டும் பேரிங்கும் மாற்றினீர்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், உங்கள் சொந்தப் பெட்டியை நல்ல ஆளிடம் கொடுத்துச் சரிசெய்வதே மேல். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும் பெட்டிகளிலும் ஹோஸ் மூட்டின் வகை, இன்புட் ஸ்ப்லைன், லாக் டு லாக் (ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை) எத்தனை சுற்று என்பதெல்லாம் மாறும். பழையதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். முற்றிலும் புதியது கிடைத்தால், பல வருடம் ஓட்டப்போகிற வண்டிக்கு நான் அதைத்தான் எடுப்பேன். உடைசல் கடைப் பெட்டி? உங்கள் பெட்டியின் வயதுதான் அதற்கும்.

பாட்டிலில் வரும் லீக் ஸ்டாப் மருந்து சீல் ரப்பரை ஊறவைத்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும். வண்டியை விற்கும்வரை ஓட வேண்டும் என்றால் சரி. பவர் இல்லாத மேனுவல் பெட்டியில் கியர் ஆயிலுக்குப் பதில் இளகிய கிரீஸ் போட்டுக் கசிவைக் குறைப்பார்கள், அது அங்கே நடக்கும். பவர் பெட்டியில் அதே வேலையைச் செய்தால் வால்வும் பம்பும் காலி.

இன்னொரு ஆசையும் வரும்: ஸ்டீயரிங்கில் ப்ளே (சக்கரம் திரும்பாத வெற்று ஆட்டம்) இருக்கிறதே, அந்த அட்ஜஸ்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினால் என்ன? முறுக்கினால் நடுவில் இறுகும், வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. ப்ளே சக்கரங்களை இணைக்கும் டை ராடிலோ, ஸ்டீயரிங் தண்டைப் பெட்டியோடு இணைக்கும், எண்ணெயில் ஊறிப்போன ரப்பர் கப்ளிங்கிலோ இருக்கலாம். அவற்றை முதலில் பாருங்கள்.

பெட்டி இறங்கியிருக்கும்போது போல்ட் துளைகளைச் சுற்றி சாஸிஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். 1973 முதல் 1987 வரை வந்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நாலு சக்கர டிரைவ் டிரக்குகளில் அந்த இடத்தில் முடி போன்ற விரிசல் விடுவது ஊரறிந்த விஷயம். மாட்டியபின் முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் 20 முறை லாக் டு லாக் மெதுவாக ஒடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயிலில் நுரை தெரிந்தால் இன்னும் காற்று இருக்கிறது. சற்றுப் பொறுத்து மறுபடி ஒடியுங்கள்.