குட்டியைப் பழக்குவது யார்? நாமா, வீட்டுக்கு வரும் ட்ரெய்னரா, விடுதியா?

ஒரே வருஷத்துக்குள் எங்கள் சொந்தபந்தத்தில் மூன்று நாய்க்குட்டிகள் வந்துவிட்டன. ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்குச் சிப்பிப்பாறை, வில்லாபுரத்தில் மச்சான் வீட்டுக்கு லேப்ரடார், திருமங்கலத்தில் பெரியப்பா மகன் வீட்டுக்கு ராஜபாளையம். மூன்றையும் மூன்று விதமாகப் பழக்கினோம். மச்சான் ஒரு பயிற்சி விடுதியில் 45 நாள் விட்டார், அண்ணன் வீட்டுக்கு ட்ரெய்னரை வரவழைத்தார், நாங்கள் காசு செலவழிக்க மனசில்லாமல் நாங்களே இறங்கினோம். குட்டி வாங்கலாமா என்று கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். என் கட்சி இதுதான்: முதல் நாலு மாதம் வீட்டு ஆள்தான் பழக்க வேண்டும், அதற்கப்புறம் ட்ரெய்னர் வரட்டும், ஆனால் நாய்க்கு வகுப்பெடுக்க வேண்டாம், நமக்கு எடுக்கட்டும். விடுதி வேறு வழியே இல்லாதவர்களுக்கு.

ஏன் நாலு மாதம் என்கிறேன் என்றால், குட்டிக்கு உலகம் பழகும் காலம் ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் பார்த்த ஆள், கேட்ட சத்தம், மிதித்த தரை எல்லாம் அதற்குச் சாதாரணம், பிறகு வருவதெல்லாம் சந்தேகம். நாம் குட்டியை வாங்குவதே 8 வாரத்தில், ஆக மிச்சம் ஆறே வாரம். இந்த ஆறு வாரத்தில்தான் தடுப்பூசியும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, நடுவே மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அது முடிவதற்குள் தெருவில் இறக்கிவிட்டால் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) தொற்றலாம், முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பழகும் காலம் போய்விடும். இந்த இடைவெளியில் பல நாய்கள் கூடும் விடுதிக்கு அனுப்பவே கூடாது. ட்ரெய்னரும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் இருப்பார்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், பாண்டியை (பெயர் அப்பத்தா வைத்தது) வயர் கூடையில் துண்டு விரித்து உட்கார வைத்து, ஸ்கூட்டியில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுபோவோம். டீக்கடை பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடிக்கும் நேரம், தரையில் விடுவதே இல்லை. பஸ் ஹாரன், பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம், தொப்பி போட்ட போலீஸ்காரர், சக்கர வண்டித் தாத்தா, எல்லாம் பார்த்தாச்சு. இப்போது கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டால் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். மச்சான் வீட்டில் விடுதிக்குப் போய்வந்த லேப்ரடார், கல்யாண மண்டபத்து வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

ஒன்னுக்குப் பழக்குவதிலும் வீட்டு ஆள்தான். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் அடக்கும் என்பது உத்தேசக் கணக்கு. ரெண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அது போக தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். இதைச் சம்பளத்துக்கு யார் செய்வார்? பேப்பர் விரித்துப் பழக்குவது நல்லதா என்று கேட்பவர்களுக்கு: மாடி ஃபிளாட் என்றால் சரி, தரை வீடாக இருந்தால் நேராக வாசலுக்கே பழக்குங்கள். நாங்கள் மழை நாளில் சோம்பேறித்தனப்பட்டுப் பேப்பரில் ஆரம்பித்தோம், நன்றாகத்தான் பழகினான். எவ்வளவு நன்றாக என்றால், காலையில் அப்பா படிக்கத் தரையில் விரித்த அன்றைய பேப்பரில் தலைப்புச் செய்தி மேலேயே இருந்துவிட்டான்.

அப்பத்தா ஒரு வைத்தியம் சொன்னது, மூக்கை அதில் தேய்த்து ரெண்டு போடு என்று. அந்தக் காலத்து வழி, பலனில்லை. செய்ததற்கும் கிடைப்பதற்கும் நடுவே ஓரிரு நொடி தாண்டினாலே நாய்க்கு ரெண்டும் சேராது. பத்து நிமிஷம் கழித்து அடித்தால், இந்த ஆள் வந்தால் அடிப்பான் என்று மட்டும் கற்றுக்கொள்ளும், அப்புறம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். ஃபினாயிலும் வேண்டாம், நக்கினால் ஆபத்து. சோப்புத் தண்ணீர், அதற்குமேல் வினிகர் கலந்த தண்ணீர், வாடை போகும் வரை துடையுங்கள். வாடை இருந்தால் அதே இடத்துக்குத்தான் மறுபடி வரும்.

சரி, விடுதிக்கு வருவோம். மச்சானும் அத்தையும் வேலைக்குப் போகிறவர்கள், குட்டி ஆறு மாதத்தில் வீட்டையே கடித்துக் குதறியது, தப்பில்லை அவர்கள் மேல். ரெண்டு மாத வீட்டு வாடகை அளவுக்குப் பணம் கட்டினார்கள். முதல் மூன்று வாரம் பார்க்க வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே எனக்கு இடித்தது. திரும்பி வந்த அன்று பிரமாதம்: சிட், ஸ்டே, ஷேக் ஹேண்ட், எல்லாரும் வீடியோ எடுத்தோம். ஒரு மாதத்தில் பாதி போய்விட்டது. அத்தை "உக்காரு சாமி" என்று கெஞ்சும், அது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது "சிட்" மட்டும்தான், அதுவும் அந்த இடத்தில், அந்த ஆள் சொன்னால். ஓரிடத்தில் படித்ததை நாய் தானாகவே இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகாது, ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அத்தை பெருக்குவதற்கு விளக்குமாற்றைத் தூக்கினால் அது தரையோடு தரையாகப் பதுங்கி அப்படியே ஒன்னுக்கு இருந்துவிடுகிறது. அனுப்பும்போது இந்தப் பழக்கம் இல்லை. கேட்டதற்குப் பாசமாகத்தான் பார்த்தோம் என்றார்கள். யார் என்ன செய்தார்கள் என்று நாம் பார்க்கவில்லையே. எந்நேரமும் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லாத இடத்தில் நான் விடமாட்டேன். ஒரு விஷயம், 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் அடித்துத் துன்புறுத்துவது குற்றம், நாயை எப்போதும் சங்கிலியிலேயே கட்டிவைத்து நடக்கவே விடாமல் இருப்பதும் குற்றம். ரெண்டாவது நம் தெருவில் எத்தனை வீட்டுக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

ட்ரெய்னர் விஷயத்தில் எனக்கு மரியாதை கூடியதற்குக் காரணம் அண்ணன் வீட்டு ராஜபாளையம். சொன்ன பேச்சே கேட்கவில்லை, திமிர் பிடித்தது என்று வீடே முடிவு கட்டியிருந்தது. ரெண்டாம் வகுப்பிலேயே அவர் குட்டிக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினார், திரும்பவில்லை. தட்டை ஒரு தட்டுத் தட்டினார், அப்பவும் திரும்பவில்லை. "இதுக்குக் காது கேக்கலைண்ணே, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே செவிடாக வருவது உண்டு, ஆனால் நாலு மாதமாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எல்லாம் கைச்சைகைதான். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்காரும், இப்போது அந்தத் தெருவிலேயே ஒழுங்கான நாய் அதுதான்.

ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு குளறுபடி. ட்ரெய்னர் வாசலில் நடத்திக்கொண்டிருப்பார், அண்ணன் திண்ணையில் காபியோடு பார்த்துக்கொண்டிருப்பார். அவரோடு ராணுவம் மாதிரி நடக்கும், அண்ணன் வாரைப் பிடித்தால் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ட்ரெய்னர் வாரை மதினி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார், இழுத்தால் நில்லுங்க, தளர்ந்தால் நடங்க, அவ்வளவுதான் என்று. பத்து நாளில் சரியாகிவிட்டது. கழுத்தை இறுக்கும் சங்கிலியையே நீட்டுகிற ஆளாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், சாதாரணக் கழுத்துப்பட்டையோ நெஞ்சுப்பட்டையோ போதும்.

நாமே செய்வதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் நான் "உக்காரு", அம்மா "உட்காருடா கண்ணு", தம்பி "சிட்". பாண்டி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டி, ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று எழுதிய பிறகுதான் பிடிபட்டது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டு, நாளைக்கு மூன்று தடவை. கடிப்பதற்குக் கோபப்படாதீர்கள், 28 பால் பல்லும் நாலாம் மாதம் முதல் விழுந்து 42 பல் முளைக்கிற வரை ஈறு நமநமவென்று இருக்கும். நனைத்த துணியை முறுக்கிக் குளிர வைத்துக் கொடுங்கள். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குத் தார்ரோட்டில் நடத்தாதீர்கள், புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துவிடும்.

எங்களுக்குத் தோற்றுப்போன இடம் ஒன்று, கூப்பிட்டால் வருவது. லேப்ரடார் தீனிக்கு மயங்கும், சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் சாதி, ஓடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டால் கோழியும் தெரியாது நீயும் தெரியாது. போன வாரம் கண்மாய்க் கரையில் வாரை அவிழ்த்தேன், தூரத்தில் ஆட்டுக் கிடை, அவ்வளவுதான். நான் கத்தக் கத்த இன்னும் வேகம். ஆட்டுக்காரப் பெரியவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "கத்தாத தம்பி, நீ எதிர்ப்பக்கம் ஓடு, அது உன்னத் தேடி வரும்." வெட்கத்தை விட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே வருகிறான். அடிக்கத்தான் கை வந்தது, அடக்கிக்கொண்டு கோழியைக் கொடுத்தேன். வந்ததற்கு அடி வாங்கினால் அடுத்த தடவை வருவானா?

இதற்காக மட்டும் திருமங்கலத்து ட்ரெய்னரிடம் நாலு வகுப்பு கேட்டிருக்கிறேன், வாரைப் பிடிக்கப்போவது அம்மா. அதுவரை கண்மாய்க்குப் போனால் முப்பதடி நைலான் கயிறும் கூடவே வருகிறது.