காலி விடையும் மறையும் கேள்வியும்: ஓடிகே படிவங்களோடு நான்கு ஆண்டுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகக் கறவை மாட்டுக் கணக்கெடுக்கும் பணிக்கு கைபேசியில் படிவம் நிரப்பித் தகவல் திரட்ட உதவும் ஓடிகே கலெக்ட் செயலியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட திறந்த மூலத் திட்டம் இது. படிவத்தை எக்செல் தாளில் எழுதிக் கைபேசியில் இறக்கிவிட்டால், சிக்னல் கிடைக்காத தென்னந்தோப்புக்குள் நின்றும் நிரப்பலாம். ஒரு கேள்வி எப்போது தோன்ற வேண்டும் என்பதைத் தாளின் ‘ரெலவன்ட்’ நெடுவரிசையில் நிபந்தனையாக எழுதுகிறோம். நான் திருத்த நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நெடுவரிசையிலேயே, நான் எழுதிய விதிகளிலேயே இருந்தன.

எங்கள் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் உள்ளது. ஒவ்வொரு தெரிவுக்கும் திரையில் தெரியும் பெயர் மொழிக்கு ஒன்றாக இருக்கும். செயலி சேமிப்பதோ இரண்டுக்கும் பொதுவான ஓர் உள்பெயரை. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் கூடும் சந்தையில் மாடு வாங்கி, கோபாலபுரம் அல்லது மீனாட்சிபுரம் சோதனைச்சாவடி வழியாக ஓட்டி வருபவர்கள் இங்கே பலர் என்பதால், ‘வெளிமாநிலச் சந்தை’ என்று பதில் வந்தால் நலச்சான்றிதழ் பற்றிய கேள்விகள் திறக்குமாறு விதி எழுதினேன். உள்பெயருக்குப் பதிலாகத் தமிழ்ப் பெயரையே விதியில் எழுதிவிட்டதால், அந்தக் கேள்விகள் எந்த மொழியிலும் தோன்றவில்லை. இலக்கணம் சரியாக இருந்தால் படிவம் பிழைச்செய்தி இல்லாமல் ஏறிவிடும். இல்லாத தெரிவோடு ஒப்பிடும் விதி எப்போதும் பொய்யாகவே நிற்கும். ஆகவே தோன்றாத கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டியது தெரிவுகளின் உள்பெயர்ப் பட்டியல்தான். ஆங்கிலத்தில் எழுதிய உள்பெயராக இருந்தால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்கூட வேறு வேறாகவே கொள்ளப்படும்.

பல தெரிவுக் கேள்வியில் இன்னொரு சிக்கல் உண்டு. தீவனமாகச் சோளத்தட்டு, வைக்கோல், புண்ணாக்கு ஆகிய மூன்றையும் ஒருவர் தேர்ந்தெடுத்தால், செயலி மூன்றின் உள்பெயர்களையும் இடைவெளி விட்டு ஒரே தொடராகச் சேமிக்கிறது. அந்தத் தொடரைப் ‘புண்ணாக்கு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குச் சமமா என்று கேட்டால் விடை ‘இல்லை’ என்றே வரும். மேசையில் சோதித்தபோது ஒரு தெரிவை மட்டும் தொட்டுப் பார்த்ததால் விதி சரியாக இயங்கியது. களத்தில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இரண்டு மூன்று தீவனங்கள் இருந்ததால் அடுத்த கேள்வி வரவே இல்லை. சமக்குறியை நீக்கி, தேர்ந்தெடுத்தவற்றுள் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் ‘செலக்டட்’ சார்பை வைத்த பிறகுதான் அது தீர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் காலம் எடுத்தது காலி விடை. பசும்பால், எருமைப்பால் இரண்டின் அளவையும் கூட்டி வீட்டின் மொத்தப் பாலைக் காட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எருமை இல்லாத வீட்டில் எருமைப்பால் கேள்வி மறைந்துவிடும். கணக்கெடுக்கும் தங்கை ஒருவர் ஒரு மாலை தொலைபேசியில், “அண்ணா, எருமை இல்லாத வீட்டுக்கெல்லாம் மொத்தம் வரவே மாட்டேங்குதுங்க” என்றார். மறைந்த கேள்வியின் விடை சுழியம் அல்ல, வெற்று. வெற்றை எண்ணோடு கூட்டினால் ‘எண் அல்ல’ என்பதே விடையாகும். அந்த ‘எண் அல்ல’ என்ற விடையோடு எந்த எண்ணை ஒப்பிட்டாலும், பெரியதா என்றாலும் சிறியதா என்றாலும், பொய் என்றே வரும். எனவே மொத்தத்தை நம்பியிருந்த பின்கேள்விகளும் சேர்ந்தே மறைந்தன. வெற்று இருந்தால் சுழியத்தை எடுத்துக்கொள்ளும் ‘கோலெஸ்’ சார்பை ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக இட்டேன். மொத்தத்திற்கு மட்டும் அதை இட்டால் பசும்பாலின் அளவும் சேர்ந்து அழிந்து சுழியம் வந்துவிடும்.

‘சமமல்ல’ என்ற ஒப்பீட்டில் நிலைமை தலைகீழ். ‘காப்பீடு உண்டு என்பதற்குச் சமமல்ல’ என்று விதி எழுதினால், இன்னும் எதுவும் தேர்ந்தெடுக்காத வெற்று நிலையிலும் அது உண்மையாகிவிடுவதால், ‘ஏன் காப்பீடு செய்யவில்லை’ என்ற கேள்வி முன்கூட்டியே நிற்கும். ‘இல்லை’ என்ற தெரிவையே நேராக ஒப்பிடுவது நல்லது.

விடை அளித்த கேள்வி பிறகு மறைந்தால், படிவத்தை முடித்து அனுப்பும்போது அந்த விடையும் நீங்கிவிடும். எருமை உண்டு என்று பதிந்து விவரங்களை எல்லாம் நிரப்பிவிட்டுப் பின்னர் கைதவறி ‘இல்லை’ என்று மாற்றினால், அந்த விவரங்கள் சேவையகத்திற்கு வந்து சேராது. இது செயலியின் குறை அல்ல, தேவையான ஒழுங்கு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் கணக்கெடுப்பவர்களுக்கு இதை முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும்.

மாட்டின் காதில் அடையாளத்துக்காக மாட்டும் காதுவில்லையின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 12 இலக்கம்; செயலியின் முழு எண் கேள்வி ஏற்பதோ 9 இலக்கம் வரைதான். அதனால் அதை எழுத்து வகைக் கேள்வியாக வைத்து, 12 இலக்கங்கள்தாமா என்று வடிவச் சரிபார்ப்பு இட்டிருக்கிறேன்.

காரணம் புலப்படாத போது நான் செய்வது ஒன்றுதான். சிக்கலான கேள்விக்கு மேலே ஒரு தற்காலிகக் குறிப்பை நுழைத்து, விதி நம்பியிருக்கும் கேள்விகளின் சேமித்த மதிப்புகளைத் திரையிலேயே காட்டச் செய்கிறேன். தமிழில் ‘ஆம்’ என்று தெரிவதன் அடியில் என்ன இருக்கிறது, வெற்றா, இடைவெளி விட்ட தொடரா என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். விதி நீளமாக இருந்தால் ‘மற்றும்’, ‘அல்லது’ சேரும் இடங்களில் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கணக்கு வைத்து, எது பொய் சொல்கிறது என்று பார்க்கிறேன். பிறகு அந்த விதி நம்பியிருக்கும் கேள்வி ஒவ்வொன்றையும் ஒருமுறை காலியாக விட்டும், ஒருமுறை விடையை மாற்றியும் சோதிக்கிறேன்.

திருத்திய படிவத்தை ஏற்றும்போது பதிப்பு எண்ணை உயர்த்த வேண்டும். பழைய பதிப்பில் பாதியில் நிறுத்திய படிவங்கள் பழைய விதிகளோடுதான் தொடரும் என்பதால், விதி மாறும் நாளுக்கு முந்தைய மாலையே பாதியில் நிற்கும் படிவங்களை முடித்து அனுப்பிவிடுமாறு எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.